கண்டி உடன்படிக்கையின் வாதமுறை: மாத்தளையிலிருந்து ஒரு வாசிப்பு

1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட, பிரித்தானியருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையிலான உடன்படிக்கைக்குப் பன்னிரண்டு உறுப்புரைகள். ஒப்பமிட்ட பிரதானிகளுள் மாத்தளைத் திசாவை ரத்வத்தையும் ஒருவர். பௌத்தத்துக்குக் காப்பளிக்கும் ஐந்தாம் உறுப்புரையைச் சுற்றியே விவாதம் பெரிதும் நடந்து வந்திருக்கிறது. ஆனால் ஆவணத்தின் வாதம் காலூன்றுவதும் சறுக்குவதும் முதல் மூன்று உறுப்புரைகளில்தான்.

முதலாவது ஒரு குற்றப்பத்திரம்: விசாரணையற்ற சித்திரவதை, மரண தண்டனை, குடிகளின் உரிமைகளை மதியாமை. 1814 இல் பிரதானி எகலப்பொலையின் குடும்பத்தினர் அரசனின் ஆணையால் கொல்லப்பட்டதை அறிந்த எவரும் இதைப் பிரித்தானியப் புனைவென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அரசனின் பெயர் அங்கே இல்லை; ‘மலபார்’ (தமிழரையும் தென்னிந்தியரையும் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல்) ஆட்சியாளன் என்ற அடையாளம் மட்டுமே உண்டு. இரண்டாம் உறுப்புரையில்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பெயரோடு வருகிறான். அரச கடமைகளை மீறியதால் முடியை இழந்தான் என்கிறது அது. இம்மட்டில் வாதத்தில் பழுதில்லை. 1776 இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனமும் இதே தடத்தில் நடந்தது. அமெரிக்கர் மூன்றாம் ஜோர்ஜ் மீது குற்றங்களை அடுக்கிவிட்டுத் தம்மைத் தாமே ஆளப் புறப்பட்டார்கள். கண்டிப் பிரதானிகளோ தம் அரசன் மீது குற்றங்களை அடுக்கிவிட்டு அதே மூன்றாம் ஜோர்ஜிடம் நாட்டைக் கொடுத்தார்கள்.

சறுக்கல் இதன் பின்னர். அரசனின் முன்னோர், பின்னோர், பக்கவழியார், மணவழியார் எல்லோரும் என்றென்றைக்கும் அரியணையிலிருந்து விலக்கப்படுகிறார்கள். அடுத்து, ‘மலபார்’ இனத்தின் ஆட்சியுரிமையே ஒழிக்கப்படுகிறது. ஒருவன் செய்த குற்றம் ஓர் இனத்தின் தகுதியின்மை ஆனதற்கு ஆவணம் காரணம் எதுவும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை: குற்றப்பத்திரத்திலேயே பெயரின் இடத்தில் இனம் வைக்கப்பட்டாயிற்று.

இந்த ஒழிப்புக்கு மறுசான்று மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நாயக்கர் மரபு 1739 இல் கண்டி அரியணை ஏறியது. அம்மரபின் இரண்டாம் மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753 இல், சீயத்துப் பிக்குகளைக் கொண்டு பிக்குகளின் உயர்நிலைத் துறவேற்பான உபசம்பதை மீட்கப்பட்டது. தம்புள்ளைக் குகை விகாரைகளைப் புதுக்கியவனும் அவனே. அங்குள்ள மகா அலுத் விகாரையில் அவன் சிலை இன்றும் நிற்கிறது. ஐந்தாம் உறுப்புரை காக்க முன்வந்த பௌத்தத்தை நிமிர்த்திய குலத்தைத்தான் இரண்டாம் உறுப்புரை துடைத்தழிக்கிறது.

மூன்றாம் உறுப்புரை தமிழர் அனைவரையும் கண்டியிலிருந்து துரத்தியது என்று எழுதுவது மிகை. அது தடுத்தது அரசனின் ஆண் உறவினரையும், ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்களையும். அவர்களும் அனுமதி பெற்றால் திரும்பலாம். என் பார்வையில், தடையைவிட இந்த அனுமதியே முக்கியமானது. நான்காம் உறுப்புரை எல்லா வகுப்பாருக்கும் உயிர், உடைமை, சிவில் உரிமைகளை உறுதி செய்கிறது. அளவுகோல் அவர்களிடையே வழங்கிவந்த சட்டமும் வழக்கமும். அந்த வழக்கத்துள் பிறந்தவனுக்கு உரிமை, வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆணுக்கு அனுமதி.

உடன்படிக்கைக்குப் பின் ஒரு தலைமுறைக்குள் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பலரை வாந்திபேதி வழியிலேயே கொண்டுபோயிற்று. அவர்களை வரவழைத்தது உழைப்பின் தேவை. உரிமை பற்றிய கேள்வியை எவரும் எழுப்பவில்லை.

அக்கேள்வி 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் எழுந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதவில்லை. தந்தையோ, அல்லாவிடின் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தவர்கள் என்று காட்டவேண்டியிருந்தது. 1815 இலிருந்து 1948 க்கு நேர்கோடு இழுப்பது ஆய்வுச் சோம்பல்; இடையில் சர்வசன வாக்குரிமையும் தோட்டத் தொழிற்சங்க அரசியலும் இருக்கின்றன. ஆயினும் இரு ஆவணங்களும் ஆளை எடைபோடும் முறை ஒன்றே: அவன் செய்ததைக் கேளாமல் வம்சத்தைக் கேட்பது. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நாட்டில் வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியபோது, இங்கே வாழ்ந்தது என்பது சட்டத்தின் முன் ஒரு நியாயமாக நின்றது.