கண்ணைச் சுற்றி ஐந்து நிமிடம் - முக அக்குபிரஷர் பள்ளிக்கூடம் போன கதை

தலைவலி வந்தால் கை தானாகவே நெற்றிப்பொட்டுக்குப் போய்விடும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதே காரியத்தை ஒலிபெருக்கியில் இசை போட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணிக்கை சொல்லி, ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் தினமும் செய்ய வைத்தால்? சீனாவில் அதுதான் நடந்தது. 1963-ல் பீஜிங் பள்ளிகளில் ஆரம்பித்து, நாடு முழுக்கப் பரவி, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

தன் உடம்பைத் தானே பிடித்துவிட்டுக்கொள்ளும் பழக்கம் சீனர்களுக்குப் புதிதல்ல. சாங்ஷா நகரை ஒட்டிய மாவாங்டுயி என்ற இடத்தில் கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-ல் தோண்டினார்கள். உள்ளே கிடைத்த பட்டுத் துணியில் 44 பேர் விதவிதமாக உடற்பயிற்சி செய்யும் ஓவியம்! 7-ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் தன் நூலில் 18 அசைவுகள் கொண்ட ஒரு முறையைச் சேர்த்திருக்கிறார். அதன் பெயர் என்ன தெரியுமா? "இந்திய நாட்டு மசாஜ்". (நம் ஊர்ச் சரக்கு அப்போதே ஏற்றுமதியாகியிருக்கிறது போலும்!)

முகத்தில் இருக்கும் புள்ளிகளின் பெயர்களே ஒரு கவிதை. மூக்கை ஒட்டிய கண் முனையில் இருப்பது "ஜிங்மிங்", அதாவது கண்ணின் ஒளி. புருவத்தின் உள்முனையில் இருப்பதற்கு "சேர்த்து வைத்த மூங்கில்" என்று பொருள். புருவ முடிகள் அப்படித் தெரிந்தனவாம். நெற்றிப்பொட்டில் இருப்பது "தாய்யாங்", சூரியன்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு. பீஜிங் மருத்துவக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த லியு ஷிமிங் என்பவர்தான் இந்தப் பழைய புள்ளிகளை எடுத்து, 1960-களின் தொடக்கத்தில் கண்ணுக்கான ஒரு பயிற்சியாகக் கோர்த்தவர். கண் மருத்துவர் அல்ல, டிரில் வாத்தியார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் வைத்தியம் டிரில் ஆகிவிட்டது! பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை கூடுகிறது என்ற கவலை அப்போதே அரசுக்கு இருந்தது. வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இதைவிட லாபமான திட்டம் கிடையாது. கருவி வேண்டாம், மருந்து வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். பத்து விரல் இருந்தால் போதும்.

பல தலைமுறைகளுக்கு மனப்பாடமான வடிவத்தில் நான்கு பகுதிகள். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் புருவத்தின் உள்முனை அருகே கட்டை விரலால் அழுத்திச் சுழற்றுவது. அடுத்து மூக்குத் தண்டின் இருபுறமும் பிடித்து அழுத்துவது. பிறகு கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் உள்ள சிறு பள்ளத்தை ஆள்காட்டி விரலால் அமுக்குவது. கடைசியாக, கட்டை விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு, மடக்கிய ஆள்காட்டி விரலால் கண் குழியின் விளிம்பைச் சுற்றி வழிப்பது. ஒவ்வொன்றும் எட்டு எண்ணிக்கையாக எட்டு முறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட வேண்டும். அழுத்துவது எலும்பின் மேல்தான், கருவிழியின் மேல் ஒருபோதும் கூடாது. கண் வலி (மெட்ராஸ் ஐ), சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை என்றால் தொடவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் பலன்? 2018-ல் சீன அரசே எடுத்த கணக்கில் சிறுவர், இளையோரில் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. ஆறு வயதில் 14.5 சதவீதம், தொடக்கப் பள்ளியில் 36, மேல்நிலை மாணவர்களில் 81! அரை நூற்றாண்டு அழுத்தியதற்குக் கிடைத்த ஐந்தொகை இது.

காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்கோளம் முன்னும் பின்னுமாக நீண்டுவிடுகிறது. சுற்றியுள்ள எலும்பை அமுக்கினால் நீண்டது சுருங்காது. ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் புத்தகத்தை விட்டு விலகி இருப்பதில் ஓய்வு கிடைக்கும், அலுப்புக் குறையும், அது உண்மை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு எதிர்ப்பக்கம் எழுதியிருப்பது எத்தனை மணி நேரப் படிப்பு, எத்தனை வீட்டுப்பாடம்! 1977-ல் திரும்ப வந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு அந்தப் பக்கத்தைக் கனமாக்கிக்கொண்டே போனது.

குவாங்ஜோ நகரில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் வேறொன்றைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது; வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வெளிவந்த முடிவு இது. பகல் வெளிச்சமே காரணம் என்று கருதுகிறார்கள். முகத்திலிருந்த சூரியனை விட வானத்துச் சூரியன் கொஞ்சம் அதிகம் உதவியது!

இதற்கிடையில் பயிற்சியையும் திருத்தினார்கள். 2008-ல் வந்த புதிய வடிவத்தில் ஆறு பகுதிகள். அதில் ஒன்றில் காது மடலைப் பிடித்துவிடும்போதே கால் விரல்களால் தரையைப் பற்ற வேண்டும். 2018 ஆகஸ்டில் எட்டு அரசுத் துறைகள் சேர்ந்து கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் ஒன்றை வெளியிட்டன. வீட்டுப்பாடத்தைக் குறை, பிள்ளைகளை வெளியே விடு என்கிறது அந்தத் திட்டம். கூடவே, காலையும் மாலையும் கண் பயிற்சி தவறாமல் நடக்க வேண்டும் என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறது.