அவசரகாலம் விட்டுச் சென்ற சட்டங்கள்



நம் சட்டைப்பையில் இருக்கும் அடையாள அட்டை எப்போது வந்தது தெரியுமா? 1948-ஆம் ஆண்டில் வந்தது. வங்கியில் கணக்குத் திறப்பதற்காக வந்ததல்ல அது. யார், எங்கே இருக்கிறார் என்று அரசாங்கம் அறிந்துகொள்ள வந்தது.

அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேராக்கிலும் நம் ஜொகூரிலும் முதலில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 18-ஆம் நாள் மலாயா முழுவதற்கும் விரிந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அட்டை பெற்றார்கள். விசாரணையின்றி ஒருவரை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கவும் விதிகள் வந்தன.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஜூன் மாதம் ஜொகூரில்தான் அது தொடங்கிற்று. காட்டோரத்து மக்கள் புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்ட லயங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டுக் கம்பி வேலிக்குள் வந்தன. காட்டுக்குள் உணவு போகக்கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர் பகல் சோறு கொண்டுபோகவும் தடை விதித்தார்கள். வேலிக் கதவருகே சோதனை நடந்தது. மறுபக்கம், கம்யூனிஸ்டுகள் தொழிலாளிகளின் அட்டைகளைப் பறித்து எரித்தார்கள், மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், உயிர்களையும் பறித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றது நம் ஏழைக் குடும்பம்.

1957-இல் சுதந்திரம் வந்தது. நம் அரசியலமைப்பின் 5-ஆவது விதி தனிமனித சுதந்திரத்தைக் காக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. ஆனால் 149-ஆவது விதி, நாட்டுக்கு எதிரான சதிகளை அடக்கும் சட்டம் இந்த உரிமைகளை மீறவும் இடம் தருகிறது. வாசலுக்கு நல்ல பூட்டுப் போட்டு, பின்கதவைத் திறந்துவைத்தாற்போல!

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போலீஸ் காவல் 60 நாள், பிறகு அமைச்சரின் ஆணையால் ஈராண்டு, அதையும் புதுப்பிக்கலாம். போர் முடிந்தும் அச்சட்டம் 2012 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது.

அதன் இடத்தில் வந்தது சொஸ்மா சட்டம். இதில் விசாரணைக்காக 28 நாள்வரை காவலில் வைக்கலாம். அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அனுமதி இருந்தால், நீதிபதியின் ஆணையின்றியே கடிதத்தைப் பிரிக்கலாம், தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம். அந்தரங்க உரிமையும் 5-ஆவது விதிக்குள் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருந்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேரில் 12 பேர் இச்சட்டத்தில் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. ஆயினும் இழந்த மாதங்களைத் திருப்பித் தருவது யார்?

பயங்கரவாதத்தை ஒடுக்கத்தான் வேண்டும். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆபத்துக்காலத்தில் போட்ட வேலியை ஆபத்து நீங்கியபின் பிரிக்க மறந்துவிடுகிறோம் என்பதே நம் கவலை.

அந்த 28 நாள் அதிகாரத்தை ஐந்தாண்டுக்கொருமுறை நாடாளுமன்றம் புதுப்பித்தால்தான் நீடிக்கும். 2022 மார்ச்சில் மக்களவை அதை நிராகரித்தது, ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஆகவே நம் ஓட்டுக்கு இதில் பங்குண்டு.

இன்னொன்றும் மனத்திற்கொள்வோம். இச்சட்டத்தில் கைதானாலும், குடும்பத்தாருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது. வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.