துர்க்குமான் கம்பளமும் குலச் சின்னங்களும்

பயண நாளிலும் தங்கும் நாளிலும் எடுத்தாள எளிதான தோல் கூடாரங்களையும், கம்பளியாலும் உரோமத்தாலும் ஆன வீட்டுப் பொருள்களையும் இறைவன் தன் அருட்கொடைகளாக எடுத்துரைப்பதைத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனத்தில் காண்கிறோம். அத்தகைய வாழ்வைப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தோர், காஸ்பியன் கடலுக்கும் அறபு நூல்கள் ஜைஹூன் என்றழைக்கும் ஆமூ நதிக்கும் இடைப்பட்ட துர்க்குமானியர் ஆவர்.

கூடாரத்தின் தரைக்குக் கம்பளம், வாயிலுக்கு என்சி, துணிமணி வைக்கச் சுவால் என்னும் பை, தொழுகைக்கு நமாஸ்லிக் ஆகிய யாவும் அவர்தம் பெண்களின் கைந்நெசவே. மணமகளின் ஒட்டகத்தை அணி செய்ய, அதன் இரு விலாவிலும் தொங்கும் அஸ்மாலிக் என்னும் ஐங்கோண விரிப்பையும் இணையாக நெய்தனர். மஞ்சிட்டி இனத்து வேரால் செந்நிறமும் அவுரியால் நீலமும் கம்பளிக்கு ஏற்றினர்.

கம்பளத்தின் நடுவே வரிசையாக அமையும் எண்கோண உருவிற்குக் 'குல்' என்று பெயர். பாரசீகத்தில் அச்சொல் மலரைக் குறிக்கும். தமிழின் 'குலம்' என்பதோடு ஒலி ஒத்தது தற்செயலே. எனினும் தெக்கே, யோமுத், சாலோர், சாரிக், எர்சாரி முதலிய குலங்கள் தத்தமக்கெனக் குல் உடையன. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் மஹ்மூது காஷ்கரீ அறபு மொழியில் இயற்றிய 'தீவானு லுகாத்தித் துர்க்' என்னும் அகராதி, 22 ஒகூஸ் குலங்களின் பெயர்களையும் அவை கால்நடைகளுக்கு இட்ட சூட்டுக்குறிகளையும் பதிந்துள்ளது. குலத்துக்கொரு குறி என்னும் வழக்கம் அத்துணைப் பழையது. ஆயினும் அக்குறிகளே கம்பளத்தின் குல்களாயின என முடிவு கட்டுதற்கில்லை.

சோவியத் ஆய்வாளர் மோஷ்கோவா ஒரு விதி கூறினார். போரில் தோற்ற குலத்தின் குல் பெருங்கம்பளத்தில் இடமிழந்து, பை போன்ற சிறு நெசவுகளில் மட்டும் தங்கும். தோற்றோர் வென்றோரின் குல்லை நெய்வர் என்பது அது. பின்வந்த ஆய்வாளர் அனைவரும் இதனை ஏற்றாரல்லர்.

1881 சனவரியில் கோக் தெப்பேக் கோட்டை ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. 1884இல் மர்வும் அடங்கியது. அதன்பின் சந்தைக்கான நெசவு பெருகிற்று. செயற்கைச் சாயமும் புகுந்தது. வணிகரோ, நெய்த குலத்தின் பெயரை விடுத்து, விற்ற ஊரின் பெயரால் 'புகாரா' என்றனர். சோவியத் காலத்தில் தலைவர்தம் உருவங்களும் கம்பளத்தில் ஏறின. இத்தனைக்கும் பின்னர், தோற்ற தெக்கேயரின் குல் அழிந்ததா? இல்லை. அப்பெண்கள் அதனைத் தொடர்ந்து நெய்தனர்.

1992இல் சுதந்திர துர்க்மெனிஸ்தான் ஏற்ற கொடியில் பிறையின் அருகே ஐந்து குல்கள் இடம்பெற்றன. 2019இல் யுனெஸ்கோ அந்நாட்டுக் கம்பளக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

போரில் வென்ற தளபதியரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. குல்லைக் காத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் இல்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் அடையாளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்களே. வரலாற்றை ஏட்டில் மட்டும் தேடுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.