புத்தளத்து உப்பும் கழுத்துக் கழலையும்

இலங்கையில் உப்பை வைத்து அரசியல் நடத்தப்பட்ட கரைகளுள் புத்தளம் களப்புக் கரை முக்கியமானது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டையின் நோக்கங்களுள் ஒன்று, களப்பு வழியாக நடந்த கண்டி இராச்சியத்தின் வணிகத்தைக் கண்காணிப்பதாகும். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கீர்த்திஸ்ரீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் இழந்தான். பதிலுக்கு அவனது குடிகள் புத்தளம், சிலாபம் முதலிய இடங்களில் உப்பு அள்ளிச் செல்ல அனுமதி கிடைத்தது. கடலை இழந்த அரசன் உப்பையாவது கேட்டுப் பெற்றான் என்று இதனை வாசிக்கலாம். பின்னர் வந்த ஆங்கிலேயரோ உப்பை அரசின் தனியுரிமையாக்கி வருமானம் தேடினர்.

இத்தனை இழுபறிக்குப் பின் மலைநாட்டுக்குப் போய்ச் சேர்ந்த அந்த உப்பு, அங்குள்ளோரின் கழுத்தில் எழுந்த கழலையைத் தடுக்கவில்லை. இது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். கடலில் அயடீன் உண்டு. ஆகவே கடலுப்பிலும் அயடீன் உண்டு என்பது நம்மிடையே உலவும் நம்பிக்கை. கணக்கு வேறு சொல்கிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அயடீனோ ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் மாத்திரமே. பாத்தியில் நீர் வற்றும்போது அதிலும் ஒரு பகுதி காற்றோடு போகும். ஒரு பகுதி கழிநீரோடு வடியும். எஞ்சுவது கிலோவுக்கு இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்பு உண்பவருக்கு அதிலிருந்து பத்து மைக்ரோகிராமும் தேறாது. வளர்ந்த ஒருவரின் தேவை 150, கர்ப்பிணிக்கு 250.

அந்த அயடீனைக் கேட்பது தைரொயிட் சுரப்பி. நமது பாடநூல்கள் 'கேடயச் சுரப்பி' என்ற அழகான பெயரைத் தந்தும் வைத்தியசாலை வாசலில் அதை யாரும் சொல்வதில்லை. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சிபோல் படிந்திருக்கும் இச்சுரப்பி, இரத்தத்திலுள்ள அயடீனைப் பற்றியெடுத்து, நான்கு அயடீன் அணுக்கள் கொண்ட தைரொக்சினையும் மூன்று கொண்ட இன்னொரு சுரப்பையும் ஆக்குகிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி யாவும் இவற்றின் தயவிலேயே நடக்கின்றன. சுரப்புக் குறைந்தால் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி அதனைத் தூண்டுகிறது. அயடீன் இல்லாமல் தூண்டுதல் மட்டும் தொடர்ந்தால் சுரப்பி வீங்குகிறது. அதுவே கழலை. சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல் ஆகியன சுரப்புக் குறைவின் அடையாளங்கள். படபடப்பு, மெலிதல், வியர்வை ஆகியன மிகையின் அடையாளங்கள்.

1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் 59,000க்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்குக் கழலை இருந்தது. மிகுதியாகக் காணப்பட்டது களுத்துறையில். அது மலைநாடு அன்று, கடலோர மாவட்டம்! ஓயாத மழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்லும் ஈரவலயத்தில், கடல் கண்ணெதிரே இருந்தும் பயனில்லை.

சுவிற்சர்லாந்து 1922இலேயே உப்பில் அயடீன் கலக்கத் தொடங்கியிருந்தது. இலங்கையில் உணவுக்கான உப்பு அனைத்துக்கும் அயடீன் கட்டாயமாக்கப்பட்டது 1995இல்தான். எழுபத்துமூன்று ஆண்டுத் தாமதம் சிறியதன்று. அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வெப்ப நாட்டு ஈரத்தைத் தாங்கும் பொற்றாசியம் அயடேற்றையே உப்பில் சேர்க்கின்றனர். 2005 ஆம் ஆண்டளவில் பாடசாலைப் பிள்ளைகளிடையே கழலை நூற்றுக்கு நான்கு என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. அயடீன் மிகினும் சுரப்பிக்குக் கேடு என்பதால், அதே ஆண்டின் விதிகள் கலக்கும் அளவைக் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் என வரையறுத்தன.

2025இல் பருவம் தவறிய மழை புத்தளத்து உப்பளங்களைக் கரைத்துவிட, நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு உப்பை இறக்குமதி செய்தது. கடைகளில் விலை ஏறியது. அத்தகைய நாட்களில் உப்பளத்து ஓரத்தில் மலிவாகக் கிடைக்கும் கல்லுப்பு மூட்டை எவரையும் ஈர்க்கும். பார்வைக்கு அதுவும் உப்புத்தான். 1766இல் கண்டிக்குச் சென்றதும் அதே உப்புத்தான்.