சாலை விதியும் சட்டத்தின் காவலரும்

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 210-பி என்றொரு பிரிவு உண்டு. 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியபோது புதிதாய்ச் சேர்க்கப்பட்டது அது. அளவிற் சிறியது, ஒரே வாக்கியம். இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றோர் தாமே இச்சட்டத்தின்கீழ்க் குற்றம் புரிவாராயின், அக்குற்றத்துக்குரிய தண்டத்தைப் போல் இரு மடங்குக்கு ஆளாவர் என்பது அதன் சாரம். தலைக்கவசம் இன்றி இருசக்கர வாகனம் ஓட்டும் குடிமகனுக்கு 1,000 ரூபாய் அபராதம் என்றால், அவனை மறித்து நிறுத்தும் காவலர் அதே குற்றத்தைச் செய்தால் 2,000 ரூபாய். அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் இது நடைமுறைக்கு வந்தது. வந்த சில நாட்களிலேயே தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை தன் ஆட்களுக்கு இதனை நினைவூட்டிச் சுற்றறிக்கை விட நேர்ந்தது. தலைக்கவசமின்றிச் செல்லும் காவலரைப் பொதுமக்கள் கைப்பேசியிற் படம் பிடித்து ஊரறியச் செய்வதும் அந்நாட்களில் நாடெங்கும் நடந்தது.

சட்டம் இயற்றுவோர் வேலையற்று வாக்கியம் எழுதுவதில்லை. காவலரும் சட்டத்துக்குட்பட்டவரே என்பது முன்பே யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. அதைத் தனிப் பிரிவாக எழுதி, தண்டத்தையும் இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது என்றால், ஒப்புக்கொண்ட செய்திக்கும் தெருவில் மக்கள் நாள்தோறும் காணும் காட்சிக்கும் இடையே பெரியதொரு பள்ளம் விழுந்திருந்தது என்றே கொள்ளல் வேண்டும். அப்பள்ளத்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

மோட்டார் வண்டி தோன்றிய நாள்தொட்டே சாலை விதியும் காவலரும் இணைபிரியாது வந்திருக்கின்றனர். பிரிட்டனில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், தானே இயங்கும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல் வேகத்துக்கு மேல் செல்லலாகாது என்றும், அதற்கு முன்னே ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. 1896 ஜனவரியில் கெண்ட் மாவட்டத்துப் பேடக் வுட் என்னும் ஊரில் வால்ட்டர் ஆர்னல்ட் என்பார் மணிக்கு 8 மைல் வேகத்தில் வண்டியோட்டிச் சென்றார். கண்டார் ஒரு காவலர். மிதிவண்டியில் ஏறித் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் ஓட்டுநர் என்ற பெயர் ஆர்னல்டுக்கு வாய்த்தது. அன்று காவலரின் மிதிவண்டி விதிக்கு உட்பட்ட வேகத்திற்றான் சென்றதா என்று எவரும் கேட்கவில்லை. துரத்துபவன் துரத்தப்படுபவனினும் விரைந்தே ஆக வேண்டும் என்பது எல்லார்க்கும் விளங்கிய நியாயம்.

மக்களும் சும்மா இருந்தாரல்லர். வேகத்தை அளக்கக் காவலர் புதர்களின் பின்னே மறைந்து நிற்கத் தொடங்கியதும், 1905-இல் மோட்டார் ஓட்டுநர்கள் ஒரு சங்கம் கண்டனர். சங்கத்தின் ரோந்து ஆட்கள் சாலையில் உறுப்பினரின் வண்டியைக் கண்டால் வணக்கம் செலுத்துவர். வணக்கம் வரவில்லை என்றால், அப்பால் காவலர் பதுங்கியிருக்கிறார் என்று பொருள்! எச்சரிப்பது குற்றம் என்று 1910-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் கண்டுபிடித்த உபாயம் இது. சைகை காட்டினாலன்றோ குற்றம். காட்டாமல் இருப்பதை எந்த நீதிமன்றம் தண்டிக்கும்?

துரத்துபவனின் நியாயத்தைச் சட்டம் ஏட்டில் ஏற்றியது பிற்காலத்திலேதான். 1934-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஊர்ப்புறங்களுக்கு மணிக்கு 30 மைல் என்ற எல்லையை வகுத்தபோது, தீயணைப்பு வண்டிக்கும் நோயாளர் ஊர்திக்கும் காவல்துறை வண்டிக்கும் விலக்கு அளித்தது. அவ்விலக்கின் சொற்கள் கருதத்தக்கவை. விலக்கு வண்டிக்கு அன்று. வண்டியை ஓட்டுபவருக்கும் அன்று. அந்த நேரத்தில் அவ்வண்டி எப்பணிக்குச் செல்கிறதோ அப்பணிக்கே. வேக எல்லையைக் காத்தால் அப்பணி தடைப்படும் என்றால் மட்டுமே விலக்கு பேசும். கள்வனைத் துரத்தும் வண்டியும் காய்கறி வாங்கச் செல்லும் வண்டியும் ஒரே நிறமாயினும், சட்டத்தின் கண்ணுக்கு அவை வெவ்வேறு.

இந்த நுட்பம் எவ்வளவு எளிதாய் மறக்கப்படும் என்பதற்கு அந்நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. 2003 டிசம்பரில் மேற்கு மெர்சியாக் காவல்துறையைச் சேர்ந்த ஒரு காவலர், எம்-54 நெடுஞ்சாலையில் அதிகாலையில் மணிக்கு 159 மைல் வேகத்தில் அலுவலக வண்டியை ஓட்டினார். சாலையின் எல்லை 70. ஊர்ப்புறத்தில் 30 மைல் எல்லையுள்ள இடத்தில் 84 மைல். துரத்தப்பட்டவர் எவருமில்லை, அழைப்பும் இல்லை. புதிய வண்டியைப் பழகிக்கொண்டிருந்தேன் என்பதே அவர் கூற்று. 2005-இல் கீழ்நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடு கொதித்தது. சில மைல் வேகம் மிகுந்ததற்காக உரிமத்தில் புள்ளி இழந்தவரெல்லாம் இத்தீர்ப்பைத் தம் சொந்தக் காயமாகவே எடுத்துக்கொண்டனர். மேல்நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட, 2006-இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஆனால் தண்டனை ஏதுமில்லை. பயிற்சி பெற்ற ஓட்டுநரின் தனித்திறனைக் கணக்கிற் கொள்ளலாம் என்று 2007-இல் ஒரு தீர்ப்பு. கொள்ளலாகாது என்று 2009-இல் வேறொரு காவலரின் வழக்கில் இன்னொரு தீர்ப்பு. இறுதியில் 2022-இல் நாடாளுமன்றமே குறுக்கிட்டு, பணியிலுள்ள காவலரின் ஓட்டத்தை அவரையொத்த பயிற்சி பெற்ற திறமுள்ள காவலரோடே ஒப்பிட வேண்டும் என்று சட்டத்தை மாற்றியது. கள்வனைத் துரத்தும் காவலருக்கு இப்பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதிகாலையில் ஒருவர் தம் விருப்பத்துக்கு ஓட்டியதில் பிறந்த வாதம், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு நாட்டின் நீதிமன்றங்களைச் சுற்ற வைத்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சாலையில் கால்நடைகளை வெறிகொண்டாற்போல் ஓட்டுதல், வழியை அடைத்தல், கடைப்பொருளைப் பரப்புதல் முதலியவற்றைக் குற்றமாக்கி 50 ரூபாய் வரை தண்டம் விதித்தது. அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவோ கடமை தவறும் காவலருக்கு மூன்று மாத ஊதியம் வரை தண்டம் என்றது. மக்களைக் கட்டும் கயிறும் காவலரைக் கட்டும் கயிறும் ஒரே சட்டத்தில் திரிக்கப்பட்டிருந்தன. எந்தக் கயிறு மிகுதியும் பயன்பட்டது என்பதை அந்நிய ஆட்சியை அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

34-ஆம் பிரிவின் பட்டியலைப் படிக்கும்போது நமக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிப் என்னும் கடைத்தெரு அதிகாரிக்காக எழுதிய கையேட்டில், கடையின் திண்ணை வழியில் நீளக்கூடாது, விறகும் வைக்கோலும் ஏற்றிய சுமை மக்களின் ஆடையைக் கிழிக்குமாதலால் கடைத்தெருவுக்குள் வரக்கூடாது, நின்றிருக்கும் விலங்கின் முதுகிலிருந்து சுமையை இறக்கிவிட வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள்ளன. நிறுத்துமிட விதியும் பாரவண்டி விதியும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்க. ஆனால் அந்நூல் இவ்விதிகளோடு தொடங்கவில்லை. முஹ்தஸிபின் முதற்கடமை தாம் அறிந்ததன்படி தாம் நடப்பதே என்றும், அவர் சொல் அவர் செயலுக்கு மாறாகலாகாது என்றுமே தொடங்குகிறது. 1861-இன் சட்டம் 29-ஆம் பிரிவில் காவலரிடம் வந்தது. அஷ்ஷைஸரீ முதல் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறார்.

அவ்விடத்தில் அவர் ஒரு செய்தி கூறுகிறார். திமிஷ்கை ஆண்ட அதாபெக் துக்தகீன் (மறைவு 1128) ஒரு முஹ்தஸிபைத் தேடி, கற்றவர் ஒருவரை அழைத்து, மக்கள்மீது உம்மை நியமித்தோம் என்றார். அப்படியானால் முதலில் நீங்கள் அமர்ந்திருக்கும் விரிப்பை விட்டு எழுங்கள், சாய்ந்திருக்கும் தலையணையை அகற்றுங்கள், அவை பட்டு. விரலிலுள்ள மோதிரத்தைக் கழற்றுங்கள், அது பொன் என்றார் அவர். மன்னர் எழுந்தார், விரிப்பை அகற்றச் செய்தார், மோதிரத்தைக் கழற்றினார். ஷுர்தா எனப்படும் காவல்படையின் மேற்பார்வையையும் உமக்கே தந்தோம் என்றார். நியமனம் பெற்ற நொடியில் நியமித்தவரிடமிருந்தே பணியைத் தொடங்கிய அந்த மனிதரின் பெயரைக் காட்டிலும் அவர் செயலே நின்றுவிட்டது.

அதே நூலிலும் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவிலும் வரும் பூனைக் கதை இதனினும் நயமானது. பெரியார் ஒருவர் வீட்டில் ஒரு பூனை. அதற்கென நாள்தோறும் அண்டையிலுள்ள இறைச்சிக் கடைக்காரரிடம் கழிவு வாங்கி வருவார். ஒருநாள் அக்கடையில் ஒரு தவற்றைக் கண்டார். உடனே கண்டிக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பூனையை வெளியேற்றிவிட்டுத் திரும்பி வந்து கண்டித்தார். இனி உம் பூனைக்கு ஒன்றும் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். பூனையை அனுப்பிவிட்டுத்தானே உம்மிடம் பேச வந்தேன் என்றார் பெரியார்.

குற்றமுள்ளவர் பிறர் குற்றத்தைத் தடுக்கலாமா என்ற கேள்வியை கஸ்ஸாலி இமாம் நேராகவே எடுத்துக்கொள்கிறார். தடுக்கலாம் என்பதே அவர் முடிபு. குற்றமற்றவரே தடுக்கலாம் என்றால் உலகில் தடுப்பார் எவருமிரார். வாயில் அடைபட்டுப் போகும். ஆனால் அவர் இரண்டைப் பிரிக்கிறார். வலிமையால் தடுப்பது ஒன்று; அறிவுரையால் தடுப்பது மற்றொன்று. முன்னதற்குத் தடுப்பவரின் ஒழுக்கம் நிபந்தனையன்று. பின்னதோ, அவர் குற்றத்தை அறிந்தவரிடம் பயன் தராது.

இப்பிரிவினையை நம் சாலைச் சந்திப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. தலைக்கவசமின்றி வந்த காவலர் விதிக்கும் அபராதம் செல்லும், ரசீதும் செல்லும். செல்லாதது, உன் உயிருக்காகத்தான் சொல்கிறேன் என்னும் அவர் சொல். சாலைப் பாதுகாப்போ பெரும்பகுதியும் அச்சொல்லை நம்பியே நிற்பது. எல்லாச் சந்திப்பிலும் எந்நேரமும் காவலர் நிற்க முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் தலைக்கவசம் அணியாதோர் 50,029 பேர். சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களிக்கிறதேயன்றிக் காக்கித் தொப்பிக்கு அளிக்கவில்லை, தார்ச்சாலையும் அளிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2024 மே மாதம் நிகழ்ந்தவை இவ்வகையில் பாடமாக வைக்கத்தக்கவை. பதிவெண் பலகையில் துறைப் பெயரையும் தொழிற்பெயரையும் ஒட்டிக்கொள்ளும் தனியார் வாகனங்களுக்கு அம்மாதத் தொடக்கம் முதல் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்திருந்தது. ‘போலீஸ்’ என்ற ஒட்டுச்சீட்டும் அதில் அடக்கம். மோதிரத்தைக் கழற்றிய செயல் இது என்று நாமும் மகிழ்ந்தோம். மாதம் முடியுமுன் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய சீருடைக் காவலர் ஒருவர் பயணச்சீட்டு எடுக்க மறுத்தார், நடத்துநரோடு வாக்குவாதம், காட்சி எங்கும் பரவியது. பணிக்கான வாரண்டு இன்றிக் காவலர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாகாது என்று போக்குவரத்துத் துறை கூறியது. அடுத்த சில நாட்களில் மாநிலத்தின் பல ஊர்களில் அரசுப் பேருந்துகளுக்கு அபராதம் விழலாயிற்று: நிறுத்தமல்லாத இடத்தில் நின்றது, ஓட்டுநர் இருக்கை வார் அணியவில்லை என்பன போன்ற குற்றங்கள். இரு துறைச் செயலாளர்களும் கலந்து பேசினர், காவலரும் நடத்துநரும் கட்டித் தழுவித் தேநீர் அருந்தினர், அபராதமும் ஓய்ந்தது.

தழுவியது நன்றே. இருவரும் வெயிலிலும் நெரிசலிலும் நின்று பிழைப்பவர்கள். அவர்கள்மீது நமக்கு மனக்குறை இல்லை. நம்மை உறுத்துவது அந்த அபராதச் சீட்டுகள். எழுதப்பட்ட குற்றங்கள் பொய்யல்ல. அப்பேருந்துகள் நெடுங்காலமாய் அப்படித்தான் நின்றன. குற்றம் என்றும் இருந்தது. சட்டம் மட்டும் பகை மூண்ட அன்று விழித்து, பகை தணிந்த அன்று உறங்கிவிட்டது. விதியைத் தாம் மீறும் காவலரினும், விதியைத் தம் கைக்கோலாகக் கருதும் காவலரே சாலைக்கு மிகுந்த தீங்கு செய்கிறார் என்பது நம் கருத்து. நடுத்தெருவில் பயணி கற்பது, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை அன்று. யாரோடு பகைக்கக்கூடாது என்பதையே.

2017 மே 1 முதல் அமைச்சர்களின் வண்டியிலிருந்து சிவப்பு விளக்கை அகற்றியது மைய அரசு. விளக்கை அகற்ற ஓர் ஆணை போதுமாயிருந்தது. 210-பி பிரிவுக்கு அப்படி ஓர் எளிமை இல்லை. இரட்டைத் தண்டம் விதிக்க வேண்டியவர் யார்? அதே நிலையத்தில் அருகருகே பணிபுரியும் மற்றொரு காவலர். பல வேளைகளில் குற்றம் செய்தவருக்குக் கீழ்நிலையில் உள்ளவர். பூனையை அனுப்பிவிட்டு வரச் சொல்லலாம். நாளைய பணிப் பட்டியலை எழுதும் மேலதிகாரியை எங்கே அனுப்புவது? 2021 ஆகஸ்டில் மைய அரசு மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்பதைச் சேர்த்து, நெரிசல் மிக்க சந்திப்புகளிலும் விபத்து மிகுந்த சாலைகளிலும் படக்கருவிகள் பொருத்த வழி வகுத்தது. கருவி சீருடையைக் கண்டு விறைத்து நிற்பதில்லை. பதிவெண்ணை மட்டுமே படிக்கும். ஆனால் அது படித்த எண்களில் எவற்றுக்குச் சீட்டு அனுப்புவது என்று அமர்ந்து பார்ப்பவர் மனிதர். ஆண்டுதோறும் 210-பி-யின்கீழ் எத்தனை காவலரிடம் எவ்வளவு தண்டம் பெறப்பட்டது என்று ஒவ்வொரு மாவட்டக் காவல் அலுவலகமும் தன் வாயிற்பலகையில் எழுதி வைக்கட்டும். ஒரு வரி போதும். சுண்ணக்கட்டியால் எழுதினாலும் போதும்.