303 துவக்கில் தோட்டா சிக்குதல்

போல்ட்டைப் பின்னிழுத்து முன்னே தள்ளும்போது மகசினிலிருந்து எழுந்து குழலின் அறைக்குள் அமரவேண்டிய தோட்டா, வழியில் எங்கேனும் தடைப்பட்டு நின்றுவிடுவதையே தோட்டா சிக்குதல் என்பர். இலங்கையில் பட்டாளத்தாரும் பொலிஸாரும் நெடுங்காலம் தாங்கிய லீ-என்பீல்ட் இனத் துவக்கை யாழ்ப்பாணத்தார் 303 என்று எண்ணாலேயே சுட்டி வந்தனர். குடாநாட்டுக்குள் பெருவேட்டைக்குரிய வனம் இல்லாமையால் வேட்டைப் பிரியர்கள் ஆனையிறவைக் கடந்து வன்னிக் காடுகளை நாடினர். அவர்களுள்ளும் 12 போர்த் துவக்கு வைத்திருந்தோரே மிகுதி; ரைபிள் வைத்திருந்தோர் சிலரே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி எந்தத் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமோ வேட்டைக்கே எல்லை வகுத்தது.

ஸ்கொத்லாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமெரிக்காவில் 1879இல் உரிமம் பெற்ற பெட்டி மகசினே இந்தத் துவக்கின் உயிர்நிலை. பிரித்தானியப் படை 1888இல் இவ்வமைப்பைக் கைக்கொண்டது. 1895இல் என்பீல்ட் தொழிற்சாலை வகுத்த குழற்சுரி சேரவே இப்போதைய பெயர் நிலைத்தது. மகசின் பத்துத் தோட்டா கொள்ளும். ஐந்தைந்தாகக் கிளிப்பிற் கோத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவர். தோட்டாவின் அடிப்பாகம் ஏறத்தாழ 11.7 மி.மீ. விட்டமும், அதன் விளிம்பு 13.7 மி.மீ. விட்டமும் உடையன. ஆகவே சுற்றிலும் ஒரு மி.மீ. அளவே துருத்தி நிற்கும் அந்த விளிம்புதான் தோட்டாவை அறையில் உரிய ஆழத்தில் நிறுத்துவதும், சுட்டபின் கோதைக் கொக்கி பற்றி இழுக்க இடங்கொடுப்பதும். இந்தத் துவக்கின் பெரும்பாலான உபத்திரவங்களுக்கு மூலமும் அதுவே. 1898இல் ஜெர்மனியில் வந்த மவுசர் துவக்கின் தோட்டாவுக்குத் துருத்திய விளிம்பு இல்லை. மகசினை விட்டு எழும்போதே அதனை ஒரு நீண்ட கொக்கி பற்றிக்கொள்ளும். லீயின் அமைப்பில் போல்ட்டானது தோட்டாவைப் பின்னிருந்து தள்ளிச் செல்வதோடு சரி. கொக்கி விளிம்பைப் பற்றுவது பயணத்தின் இறுதியிலேதான்.

சிக்கலின் காரணத்தை அறிய விழைபவன் அரத்தையும் குறட்டையும் எடுக்குமுன் தோட்டா நின்ற இடத்தைப் பார்த்தல் வேண்டும். துவக்கின் வாயை அபாயமற்ற திசையில் வைத்து, விரலை விசையினின்று அகற்றி, உள்ளதையெல்லாம் இறக்கிவிட்டு, மருந்தும் அதை மூட்டும் கேப்பும் இல்லாத வெறுந் தோட்டாக்களை நிரப்பி, போல்ட்டை மெல்ல நடத்தினால், துவக்கே தன் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். போல்ட் தோட்டாவைத் தொடாமல் மேலே சறுக்கிச் சென்றால், மகசின் முழுதாக ஏறிப் பூட்டப்படவில்லை, அல்லது மகசினுக்குள் தோட்டாக்களை மேலுந்தும் தாங்குதகட்டின் அடியிலுள்ள வில் தளர்ந்துவிட்டது, அல்லது துருவினாலோ பக்கத்தகட்டின் நசுங்கலினாலோ அத்தகடு நடுவழியில் இறுகிவிட்டது என்று கொள்ளலாம். இவை எவையுமன்றி, பதற்றத்தில் போல்ட்டை முழுதும் பின்னிழுக்காமலே முன்தள்ளும் கைக்குற்றமும் உண்டு. பன்றியைக் கண்டவுடன் நேரும் தடைகளிற் பல இவ்வினத்தவை என்றே கருதுகிறேன். தோட்டாவின் மூக்கு அறைவாயிலுக்குக் கீழே முட்டினால் மகசின் தாழ்ந்து தொங்குகிறதென்றும், மூக்கு மேலே துள்ளினால் மகசின் வாயின் மடிப்புகள் அகன்றுவிட்டன என்றும் அறிக. பட்டாளத்தில் மகசினை அந்தந்தத் துவக்குக்குப் பொருத்திப் பார்த்தே கொடுத்தார்கள். ஆகையால் இன்னொன்றின் மகசினைக் கடன்வாங்கி மாட்டியவன் சிக்கலையும் சேர்த்தே வாங்கியவனாவான். நன்கு ஓடும் வேறொரு மகசினை மாட்டிப் பார்ப்பதே குற்றம் மகசினிலா துவக்கிலா என்று தெளிய எளிய பரீட்சை. மடிப்பைத் திருத்துவதாயின் நூலளவு வளைத்து, ஒவ்வொரு முறையும் வெறுந் தோட்டாவால் சோதிக்கவேண்டும். ஒரேயடியாக வளைத்த தகடு முன்னிலைக்குத் திரும்புவது அரிது.

இவையனைத்தினும் இத்துவக்குக்கே உரிய தடை விளிம்புப் பூட்டு. மகசினில் மேலுள்ள தோட்டாவின் விளிம்பு, கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னே இருத்தல் வேண்டும். மாறிப் பின்னே அமர்ந்துவிட்டால், போல்ட் மேலதைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழதன் விளிம்பில் மாட்டி, இரண்டும் ஒருங்கே முன்னோக்கி இழுபட, போல்ட் கல்லில் முட்டியதுபோல் நின்றுவிடும். அவ்வேளையிற் பலத்தைப் பிரயோகிப்பது மூடத்தனம். போல்ட்டைப் பின்னிழுத்து, மகசினைக் கழற்றி, ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பு முன்பின் பார்த்து மீண்டும் அடுக்குவதே நிவாரணம். கிளிப்பில் தோட்டாக்களை முதலிலேயே முறைப்படி கோத்திருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் தலைகாட்டாது.

வேட்டைக்கென ஈயமூக்குக் குண்டைத் தெரிந்தெடுப்போர் வேறொரு சிரமத்தையும் எதிர்கொள்வர். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890களில் 303க்கென இவ்வகைக் குண்டு செய்யப்பட்டது. 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விரியும் குண்டுகளை யுத்தத்தில் விலக்கிய பின்னும் வேட்டையில் அவை நிலைத்தன. மகசினோ 1910இல் வந்த ஏழாம் மார்க்குக் கூர்ங்குண்டின் நீளத்துக்கு இசைந்தது. கட்டையான தோட்டா அதற்குள் முன்னும் பின்னும் ஆடும். மெத்தென்ற ஈயமூக்கு அறைவாயிலில் முட்டி நசுங்கும். ஒரு பெட்டி வாங்குமுன் சிலவற்றை ஓட்டிப் பார்ப்பது விவேகம்.

தோட்டா உட்சென்றும் போல்ட் மூட மறுத்தால் அறையின் அழுக்கையும் கோதின் வீக்கத்தையும் ஐயுறவேண்டும். கோது வெளிவராமல் தங்கிவிடுவது மிகப் பொல்லாதது. ஏனெனில், அடுத்த தோட்டாவைத் தள்ளினால் அதன் கூர்முனை முன்னதன் அடியில் மோதும், முன்னது சுடப்படாத தோட்டாவாயிருப்பின் மோதும் இடம் கேப்பாகவே அமையும். கொக்கியின் வில் தளர்வும் அறைச் சுவரின் துருக்குழிகளும் கோது தங்குவதற்குக் காரணம். பழைய பட்டாளத் தோட்டாக்களின் கேப்பிலிருந்த குளோரேற்று, வெடித்தபின் உப்பாகக் குழலில் தங்கும். களப்புக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்ச ஓரிரவிலேயே துருப் பூக்கும். உப்பு எண்ணெயிற் கரையாது. கொதிநீரை ஊற்றிக் கழுவி, துடைத்து, அதன்பின்பே எண்ணெயிடல் வேண்டும். அவ்வெண்ணெய் தேங்காயெண்ணெயாக இருத்தல் ஆகாது. ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும் அது, மார்கழி விடியலிற் போத்தலில் வெள்ளையாய்க் கட்டிப்படுவதைக் குடாநாட்டில் அறியாதார் யார்? போல்ட்டுக்குள்ளும் அப்படியே ஆகும். எண்ணெய் மிகுதியும் தீதே. வன்னிப் புழுதி அதிற் குழைந்து சாணைப்பசையாகிவிடும். அறையைமட்டும் சுடுமுன் உலரத் துடைத்துவிடவேண்டும், ஏனெனில் எண்ணெய் பூசிய அறையிற் கோது சுவரைப் பற்றாமல் முழு உதைப்பையும் போல்ட்டின்மேல் செலுத்தும்.

தோட்டாவை வைக்கும் இடமும் கவனத்துக்குரியது. இந்தியாவில் குதிரைலாயங்களின் அருகே அடுக்கிய பித்தளைக் கோதுகள் மாரிகாலத்திற் கழுத்தில் வெடிப்புக் கண்டதைப் பிரித்தானியப் படையினர் கண்டு திகைத்தனர். மூத்திரத்தினின்று எழும் அமோனியா ஆவியும் உலோகத்திலுள்ள இறுக்கமும் கூடி விளைக்கும் கேடு அதுவென்பது 1921இல் வெளியான ஆராய்ச்சியிலே துலங்கிற்று. ஆகவே மாட்டுக்கொட்டிற் பரணில் தோட்டாப் பெட்டி வைப்பது கூடாது. கழுத்தில் மயிரிழை வெடிப்புள்ள தோட்டாவை அறையிலிடவும் கூடாது.

லீ-என்பீல்ட் இனத்து நான்காம் இலக்கத் துவக்கின் போல்ட் தலை 0 முதல் 3 வரை அளவுக்கேற்ப எண்ணிடப்பட்டது. விளிம்புக்கு விடும் இடைவெளி அதனாலேயே அமைவதால், அளவுகோல் இன்றி அதை மாற்றுவது கைதேர்ந்தோர்க்கும் தகாது. மண்ணிற் கிடந்தெடுத்த தோட்டாவைத் துடைத்துப் பயன்படுத்துவதோ எவ்வகையாலும் விலக்கத்தக்கது. 2002 முதல் இலங்கையில் கண்ணிவெடி அகற்றிவரும் ஹலோ ட்ரஸ்ட் பணிசெய்யும் முகமாலை போன்ற பழைய போர்முனைகளில் இத்தகையவை இன்றும் அகப்படும். காண்போர் தொடாமல் இடத்தைக் குறித்து வைத்துப் பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டும்.