அரங்கத்துப் பொன்

நம்மவர் கோயிற்குப் பொன்னளிக்க முற்படுங்காலெல்லாம் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கத்தின் வரலாறு எம் நினைவில் எழும். 1251இல் முடிசூடிய சடாவர்மன் சுந்தரபாண்டியன் அங்கே விமானத்தைப் பொன்வேய்ந்தான். யானையோடு ஓடத்திலமர்ந்து, அது நீரில் அமிழ்ந்த அளவிற்கு மற்றோர் ஓடத்திற் பொன்னிட்டு ஈந்தான் என்று கோயிலொழுகு கூறும். அவ்வன்பை யாம் குறைகூறோம். ஆயினும் அப்பொன்னின் புகழ் பகைவர் செவிக்கும் எட்டிற்று. 1311இல் மாலிக்காபூர் படை கொள்ளையிட்டது.

1323இல் தில்லிப் படை மீண்டும் வந்தபோது, முதியவரான பிள்ளை லோகாசாரியர் பெருமாள் திருமேனியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்றிசை ஏகினார். வழியிற் கள்வர் பெருமாளின் பொருளைப் பறித்தனர். முன்னே சென்றிருந்த ஆசாரியர் அதுகேட்டுத் திரும்பிவந்து, தம் கைப்பொருளையும் அவர்க்கே ஈந்தார் என்பர் வைணவப் பெரியோர். கள்வருக்கா கொடுப்பது என்று நம்மிற் சிலர் நகைக்கக்கூடும்! அவர் காக்கப் புறப்பட்டது பொன்னையன்று. மதுரையருகே சோதிக்குடியில் அவர் பரமபதித்தார். பெருமாளோ திருமலை, செஞ்சி வழியாக 1371இல் கோபணரால் மீண்டும் அரங்கமடைந்தார்.